மலைக்காட்டுச் சுற்றுப்பாதை

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நடந்து பழகிய நமக்கு, மலைக்காட்டில் நடக்கவா சொல்லித்தர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்றே சொல்லுவோம். தோட்டத்தில் மரங்கள் நிரை பிடித்து நிற்கின்றன. எந்த நிரையைப் பிடித்து நடந்தாலும் சற்று நேரத்தில் மண்சாலை வந்துவிடும். காட்டில் நிரை ஏது? பாதையைவிட்டு இருபது அடி விலகினாலே பாதை கண்ணுக்கு மறைந்துவிடும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போகச் சுற்றுப்பாதையே நல்லது. போன வழியே திரும்பாமல், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். பிள்ளைகளுக்கும் அலுப்புத் தட்டாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. போன வழியே திரும்பும் பாதையில் எந்த நேரத்திலும் "போதும், திரும்புவோம்" என்று சொல்லிவிடலாம். வரும் வழி தெரிந்த வழி. சுற்றுப்பாதையில் பாதித் தூரம் தாண்டிவிட்டால், திரும்பினாலும் தூரம், முன்னே போனாலும் தூரம். ஆகவே பாதி வழிக்கு முன்பாகவே ஓரிடத்தில் அமர்ந்து, யாருக்குக் கால் வலிக்கிறது, தண்ணீர் எவ்வளவு மிச்சம், வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

நேரத்தைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; அத்துடன் ஏறும் உயரம் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் பாதையில் 300 மீட்டர் ஏற்றம் என்றால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. அது குளிர்நாட்டு மலைக் கணக்கு. வேரும் சேறும் புழுக்கமுமான நம் காட்டுக்கு அதை இரட்டிப்பாக்கி, மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். மேற்குக்கரைப் பக்கத்தில், அதிலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தானே பிடிக்கிறது!

மழையைக் காட்டிலும் அஞ்ச வேண்டியது மலையாறு. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மலை உச்சியில் மழை கொட்டும். அந்த வெள்ளம் திடீரென்று திரண்டு வரும். மலாய்க்காரர்கள் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பிள்ளைகளைக் கரையேற்றி மேட்டுக்குப் போய்விட வேண்டும். துணி எடுக்கவோ செருப்பு எடுக்கவோ மறுபடி இறங்கக் கூடாது. கடக்க வேண்டிய ஆறாக இருந்தால், நீர் வடியும்வரை காத்திருப்பதே வழி.

வழி தவறினால் ஆற்றோடு இறங்கினால் ஊர் வரும் என்று பெரியவர்கள் சிலர் சொல்லுவார்கள். சமவெளியில் அது சரியாயிருக்கலாம். மலையில் ஆறு அருவியில் போய் விழும். பின்னால் போனவர் வழுக்குப் பாறையில் சிக்குவார். தவறிவிட்டோம் என்று தெரிந்த இடத்திலேயே நின்று, சேர்ந்திருந்து, குரல் கொடுப்பது மேல். கைப்பேசியில் தொடர்பு கிடைத்தால் 999. இந்தக் காரணத்துக்காகவே எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். வனக்காப்புக் காடானால் வனத்துறையின் அனுமதியும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

காலுக்கு விலையுயர்ந்த சப்பாத்து தேவையில்லை. பால்வெட்டுக்குப் போட்டுப் போகிறோமே, அந்தக் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து போதும். 'அடிடாஸ் கம்போங்' என்று பெயர் சூட்டி, பட்டணத்து மலையேறிகளே அதைத் தேடி வாங்குகிறார்கள். வழுக்கும்போது கைக்கு அகப்பட்டதைப் பற்றாதீர்கள். அது முள் நிறைந்த பிரம்பாக இருக்கலாம்.

எங்கே போகலாம்? கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டை முதலில் சொல்லுவோம். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களில் மரம் நடத் தொடங்கி உண்டாக்கிய காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே காப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சிக் கிளை அடுத்த மரத்தைத் தொடாது. இடையில் வாய்க்கால் ஓடுவதுபோல் வானம் தெரியும். பச்சைக் கற்பூரம் முற்காலத்தில் இந்த இன மரத்திலிருந்துதான் கிடைத்தது. காப்பூரும் கற்பூரமும் உறவுச் சொற்களே. காய்ந்த இலையைக் கசக்கிப் பிள்ளைகளின் மூக்கருகே காட்டுங்கள்.

இறங்கியதும் தலைகளை எண்ணுங்கள். பிறகு கால்களைப் பாருங்கள், அட்டை இருக்கும். இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது; ஆகவே சற்று நேரம் கசியும். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.