பெட்டியின் மேல் யார் பெயர்?

1979-இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் தன் ஊழியர்களிடையே ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டது. முந்தைய ஆண்டு எந்த வீடியோ கேம் எவ்வளவு விற்றது என்ற கணக்கு அது. நன்றாக ஓடும் கேம் எது என்று பார்த்து அதே மாதிரி செய்யுங்கள் என்பது நிர்வாகத்தின் எண்ணம். புரோகிராமர்களின் கண்ணில் பட்டதோ வேறு. பெட்டியின் மேல் பெயர் இல்லாவிட்டாலும், எந்த கேமை யார் எழுதினார் என்று அவர்களுக்குத் தெரியும். டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வரும் கூட்டிப் பார்த்தார்கள். மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் அவர்களுடைய கைவேலை!

நால்வரும் தலைமை நிர்வாகி ரே கஸாரிடம் போய், பெயரும் விற்பனையில் ஒரு பங்கும் கேட்டார்கள். கஸார் துணி ஆலைத் தொழிலிலிருந்து வந்தவர். பெட்டியில் கேமைப் பொருத்தி அனுப்பும் தொழிலாளியைவிட நீங்கள் எந்த விதத்தில் உசத்தி என்ற தோரணையில் அவர் பதில் சொன்னதாக கிரேன் பின்னாளில் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்தார். நால்வரும் வெளியேறி, அதே ஆண்டில் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடாரி இயந்திரத்துக்கு வெளியாள் ஒருவர் கேம் செய்து விற்பது அதுவே முதல் முறை. அடாரி வழக்குப் போட்டும் அவர்களை நிறுத்த முடியவில்லை. ஆக்டிவிஷன் கேம்களில் அவற்றை உருவாக்கியவரின் பெயர் இருந்தது. கையேட்டில் அவருடைய படமும் விளையாட்டு யோசனைகளும் இருந்தன. 1982-இல் கிரேன் எழுதிய ‘பிட்ஃபால்’ நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது.

அடாரிக்குள்ளேயே இருந்த வாரன் ராபினெட் வேறு வழி கண்டுபிடித்தார். ‘அட்வென்ச்சர்’ கேமில், பின்னணியோடு பின்னணியாகக் கலந்துபோகும் ஒரு சாம்பல் புள்ளியை ஒளித்து வைத்தார். அதை எடுத்துக்கொண்டு சரியான இடத்துக்குப் போனால் ஒரு ரகசிய அறை திறக்கும். அங்கே இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று ஒளிரும். மேலதிகாரி யாருக்கும் தெரியாது. ராபினெட் வேலையை விட்டுப் போன பிறகு ஒரு சிறுவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். பெயரை நீக்கினால் செலவு என்று அடாரி அப்படியே விட்டுவிட்டது. இப்படி ஒளித்துவைத்த ரகசியங்களை இன்று ‘ஈஸ்டர் எக்’ என்று எல்லோரும் தேடி ரசிக்கும் வழக்கம் பரவியதற்கு, முதலாளி பெயர் போட மறுத்ததும் ஒரு காரணம்.

கஸாரின் வாதத்தை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். பொருத்துகிற தொழிலாளிக்கும் பெயர் இல்லை என்றால், அவர் பெயரையும் போட்டால் என்ன? ஜெர்மனியின் அஃபால்டர்பாக் ஊரிலுள்ள மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஆலையில் ‘ஒருவர், ஓர் எஞ்சின்’ என்பது கொள்கை. எஞ்சினைக் கையால் பொருத்தியவரின் கையெழுத்து ஒரு தகடாக அதன் மேல் பதிக்கப்படுகிறது. விலை உயர்ந்த காருக்கு அது விளம்பரமும்கூட என்பது உண்மைதான். ஆனால் பெயர் போட்டால் தொழில் கெடும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நிறுவனங்கள் தயங்குவதற்கு நிஜமான காரணம் வேறு. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும். 1980-களில் ஜப்பானிய கேம் நிறுவனங்கள் பல இதற்கு அஞ்சின. 1987-இல் கேப்காம் வெளியிட்ட ‘மெகா மேன்’ முடிவில் வரும் உருவாக்கியோர் பட்டியலில் ஒருவர் பெயர் ‘யூகிச்சானின் அப்பா’! படிக்க வேடிக்கைதான். ஆனால் அடுத்த வேலைக்குப் போகும்போது ‘நான்தான் அந்த அப்பா’ என்று எப்படி நிரூபிப்பது? திறமையைச் சம்பளமாக மாற்ற உதவும் சான்று பெயர்தான். அதை மறைப்பது பேரம் பேசும் வலுவைக் குறைப்பதே.

இது பழங்கதை அல்ல. 2011-இல் ‘எல்.ஏ. நொய்ர்’ கேம் வெளிவந்தபோது, அதில் வேலை செய்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர் விடுபட்டதாகவோ தவறாகப் போடப்பட்டதாகவோ முன்னாள் ஊழியர்களே ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 2018-இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வந்தபோதும் இதே பிரச்சினை. வேலை முடியும்வரை இருந்தவர்களுக்கே கேமில் இடம் என்பது அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது. பின்னர், விலகிப் போனவர்களின் பெயர்களையும் தன் இணையதளத்தில் நன்றியுடன் வெளியிட்டது. எட்டு ஆண்டு உழைப்பில் ஆறு ஆண்டு தந்தவரும் ஒரு மாதம் தந்தவரும் கேமுக்குள் சமமாகக் காணாமல் போகும் ஏற்பாடு அது. ஆளைக் கடைசிவரை கட்டிப்போடும் கயிறாகவும் அது பயன்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர் வேண்டாம் என்பவர்களும் உண்டு. கேம் பிடிக்கவில்லை என்று உருவாக்கியவர்களைத் தேடிப்பிடித்து வசைபாடும், மிரட்டும் ரசிகர் கூட்டம் இருக்கிறது. பெண்கள் அதில் கூடுதலாக அடிபடுகிறார்கள். ஆகவே முடிவு உழைத்தவரிடம் இருக்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்வதும், நிறுவனம் சொல்லாமல் அழித்துவிடுவதும் ஒன்றல்ல.

காப்புரிமைத் துறையில் இந்தச் சந்தேகமே எழுவதில்லை. உரிமை நிறுவனத்தின் கையில் இருந்தாலும், கண்டுபிடித்தவர் தன் பெயர் குறிப்பிடப்பட உரிமையுள்ளவர் என்று பாரிஸ் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 57-ஆம் பிரிவும், உரிமையை விற்ற பிறகும் படைப்பாளி ‘இது என்னுடையது’ என்று கோரலாம் என்கிறது. கணினி நிரலையும் இந்தச் சட்டம் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஆனால் உரிமை கோர நீதிமன்றப் படியேறுவதைவிட, வேலையில் சேரும்போதே கேட்டுவிடுவது எளிது. நடுவில் விலகினால் பட்டியலில் என் பெயர் இருக்குமா, பட்டியலை முடிவு செய்வது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் பணி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.