எரிந்த பாட்டை எங்கே தேடுவது?

யூத இசையமைப்பாளர் விக்டர் உல்மான், நாசிகளின் தெரேசின் முகாமில் இருந்தபடியே ஓர் ஓபரா எழுதினார். ஒத்திகையோடு அது நின்றுபோனது. 1944 ஒக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போவதற்கு முன் கையெழுத்துப் பிரதிகளை முகாம் நூலகத்தைப் பார்த்துவந்த எமில் உட்டிஸிடம் விட்டுச் சென்றிருந்தார். உட்டிஸ் உயிர் தப்பினார், தாள்களும் தப்பின. 1975இல் அம்ஸ்ரடாமில் அந்த ஓபரா முதல் தடவையாக மேடையேறியது.

இதை வாசித்ததிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. எங்கள் பாட்டுகளை யார், யாரிடம் விட்டுச் சென்றார்கள்? இரண்டு அழிவையும் ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. ஒரு பாட்டு எப்படித் தப்புகிறது என்பதுதான் என் அக்கறை.

திருகோணமலையில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குப் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களைத் தெரிந்திருக்கும். எம்.பி. பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' ஈழத்தின் முதல் தமிழ் இசைத்தட்டு என்று சொல்லப்படுகிறது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் பொப் பாடல்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. தமிழகத் திரைப்பாட்டுக்கு நடுவே, எங்கள் பேச்சிலேயே எங்களுக்கொரு பாட்டு. பிறகு பரமேஷ் ஜேர்மனியில், நித்தி அவுஸ்திரேலியாவில், மனோகரன் சென்னையில். 2018இல் மனோகரன் அங்கேயே காலமானார். பிரபலமான பாட்டுகள் எப்படியோ பெட்டியில் ஏறிக் கடல் கடந்துவிட்டன.

பெட்டியில் ஏறாதவை?

1983 ஜூலை 26 அன்று கடற்படையினர் முகாமைவிட்டு வெளியே வந்து இந்த நகரின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். அதே கலவரத்தில் கொழும்புப் பக்கம் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது. படச்சுருள் எரிந்தால் அதிலுள்ள பாட்டும் எரிந்ததுதான்.

இங்கேதான் உல்மானுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம். அவருடைய இசை தாளில் இருந்தது. முப்பது வருடம் கழித்தும் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். எங்கள் மெல்லிசைக்காரர்களில் பெரும்பாலானோர் ஆர்மோனியத்தில் பாடிக் காட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். ஒலிநாடா போனால் மிஞ்சுவது பாடியவரின் ஞாபகம் மட்டும். அந்த ஞாபகத்துக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் பழைய கசெற் இருக்கிறதா என்று கேட்டுத் திரிகிறேன். கிடைப்பவற்றில் பாதிக்குப் பெயரே இல்லை. சோதனைச் சாவடிகளின் காலத்தில் உறையில் பெயர் எழுதுவதே வம்பு; சிலர் சினிமாப் பாட்டு உறையைப் போட்டு மறைத்தார்கள், சிலர் மண்ணில் புதைத்தார்கள். புதைத்த இடத்தில் இன்று வேறு யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒன்று அகப்பட்டால் உடனே பிளேயரில் போட வேண்டாம். பூஞ்சணம் பிடித்த நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். பழுது தெரிந்தவரிடம் காட்டித் துடைத்து, முதல் ஓட்டத்திலேயே இரண்டு பக்கத்தையும் கணினியில் பதிய வேண்டும். இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. 2005 முதல் எங்கள் நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது.

கசெற்றே இல்லாத வீடுகளில் நான் கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, தெரிந்ததைப் பாடச் சொல்லிக் கேட்கிறேன். இரண்டு வரிக்கு மேல் வராவிட்டாலும் பரவாயில்லை. மெட்டுப் போட்டது யார், தபேலா வாசித்தது யார், எந்தக் கோயில் திருவிழாவில் பாடியது என்று கேட்டுப் பதிகிறேன். தபேலாக்காரரின் பெயரைத்தான் எல்லோரும் முதலில் மறக்கிறார்கள்.