முதுகு சுவரில் இருக்கட்டும்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஜிம்களுக்கு மாலை ஏழு மணிக்கு மேல் போனால், கண்ணாடிக்கு முன்னால்தான் கூட்டம் இருக்கும். எல்லோருக்கும் 'ஆர்ம்ஸ்' வேண்டும். தம்பி ஒருவர் பாரைத் தூக்குகிறார். பாதியில் பார் நின்றுவிடுகிறது. இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னே வளைத்து ஒரு வீச்சு வீசுகிறார், எடை ஏறிவிடுகிறது. அதை ஏற்றியது கையல்ல, இடுப்பு. வலியும் இடுப்புக்குத்தான் போய்ச் சேரும்.

சுவர் எதற்கு?

முழங்கை செங்கோணத்துக்கு வரும் இடத்தில்தான் எடை மிக அதிகமாக அழுத்தும். வீசித் தூக்குபவர் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். வளர வேண்டிய தசைக்கு அங்கே வேலையே இல்லை. முழங்கையை மட்டும் மடக்கிப் பாரை உயர்த்தும் 'ஸ்ட்ரிக்ட் கர்ல்' போட்டியில் இந்த வீச்சுக்கு இடம் கிடையாது. மேல்முதுகும் பிட்டமும் சுவரைத் தொட்டபடியே இருக்க வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. குதிகாலைச் சுவரிலிருந்து ஓரடி வரை தள்ளி வைக்கப் பல போட்டிகளில் அனுமதி உண்டு.

பின்னால் சாய்வது பெரிய போட்டிகளையே தடுமாற வைத்த பழைய சிக்கல். ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஒரு காலத்தில், பாரைத் தலைக்கு மேலே தள்ளும் 'பிரஸ்' என்ற பிரிவு இருந்தது. வீரர்கள் முதுகை வளைத்து வளைத்துத் தூக்கியதில் எது சரி, எது தவறு என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதையே நீக்கிவிட்டார்கள்.

நடுவரின் மூன்று சொற்கள்

கை முழுதாக நீண்டு, பார் அசையாமல் தொடையருகே நின்ற பிறகே 'கர்ல்' என்பார் நடுவர். ஏறும்போது பார் ஓர் அங்குலம் கீழே இறங்கினாலும் அந்த முயற்சி செல்லாது. மேலே போய் நின்றதும் 'டவுன்'. கட்டுப்பாட்டோடு இறக்கி, கை நீண்ட பிறகு 'ராக்', அதாவது பாரைத் திரும்ப வைக்கலாம். மூன்று முயற்சிகள்; மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குக் காட்ட வேண்டும். வளைந்த பாரையும் பயன்படுத்தலாம். நேரான பார் அளவுக்கு அது மணிக்கட்டை முறுக்காது என்பதால், வீட்டில் பழகுபவருக்கும் நான் அதையே சொல்வேன்.

முழங்கையில் கேட்கும் 'டப்'

மேல்கையின் முன்பக்கம் உள்ள இருதலைத் தசையின் (பைசெப்ஸ்) கீழ்முனை ஒரு நாணாகத் திரண்டு, முழங்கைக்குச் சற்றுக் கீழே ஆரை எலும்பில் ஒட்டியிருக்கிறது. தாங்காத எடை மடக்கிய கையைத் திடீரென்று கீழே இழுக்கும்போது இந்த நாண் அறுந்துவிடலாம். நாற்பதை ஒட்டிய ஆண்களுக்குத்தான் இது அதிகம். புகைப்பழக்கமும் ஸ்டீராய்டு ஊசியும் ஆபத்தைக் கூட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடும் நாட்களில் எடையைத் தொடவே வேண்டாம். அவை நாணைப் பலவீனப்படுத்தும்.

'டப்' என்று ஒரு சத்தம், முழங்கை மடிப்பில் நீலம் பாய்ந்த வீக்கம், தசை உருண்டு மேலே ஏறிய தோற்றம். இவற்றைக் கண்டால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் என்றால் அறுவை சிகிச்சை எளிது. தள்ளிப்போட்டால் நாண் மேலே சுருங்கிக்கொள்ளும். பிறகு ஸ்க்ரூ டிரைவர் திருகக்கூடக் கையில் வலு இருக்காது. ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று. முதல் நாளே வெறியோடு நூறு, இருநூறு முறை தூக்கிவிட்டு, மறுநாள் கை வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் அது வெறும் உடம்பு வலி இல்லை. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

வெறும் பாரோடு. சுவரில் சாய்ந்து பத்து முறை, இறக்குவதற்கு மூன்று விநாடி. முதுகு சுவரை விட்டு விலகினால் அந்த எடை உங்களுக்கு இன்னும் ஆகவில்லை; பிளேட்டைக் கழற்றிவிடுங்கள்.

ஜிம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாலு பக்கமும் கண்ணாடி பதிக்காதீர்கள். ஓர் ஆள் முதுகு சாய்க்கும் அளவுக்காவது வெறும் சுவரை விட்டுவையுங்கள்.