ஐந்து ஏக்கருக்கு ஒரு குட்டி டிராக்டர்

அமெரிக்காவில் நகரத்தை விட்டுத் தள்ளி ஐந்து, பத்து ஏக்கர் வாங்கிக் குடியேறுகிறவர்களுக்கு முதல் வருஷத்திலேயே ஒன்று தெரிந்துவிடும்: எல்லாவற்றுக்கும் ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வரும் சரளைப் பாதையை மழை அரித்தால் தாங்களே நிரவ வேண்டும். பனி கொட்டினால் தாங்களே தள்ள வேண்டும். விழுந்த மரம், குதிரைச் சாணம், அடுப்புக்கு விறகு, புதைக்க வேண்டிய தண்ணீர்க் குழாய் என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கும். இதற்கெல்லாம் அவர்கள் தேடிப்போவது 25 குதிரைத்திறனுக்கு உட்பட்ட ஒரு குட்டி டிராக்டர். முன்னால் மண் அள்ள லோடர், பின்னால் பள்ளம் தோண்ட பேக்ஹோ. நம்மூர் ஜேசிபிக்கு இருக்கும் அதே இரண்டு கைகள்தான். ஆனால் வண்டி கார் ஷெட்டுக்குள் அடங்கிவிடும்.

குபோட்டா பிஎக்ஸ் 23எஸ், ஜான் டியர் 1025ஆர் இரண்டும் இந்த வகையில் பேர்போனவை. 1994-இல் டெக்சஸில் கால்பதித்த மஹிந்திராவும், கொரியாவின் கியோட்டி, டிஒய்எம் போன்றவையும் போட்டியில் இருக்கின்றன. புதிதாக முழு செட்டும் வாங்கினால் 25,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும். அதில் பேக்ஹோவின் பங்கு மட்டுமே பல ஆயிரம். ஆகவே கையில் அளவாகக் காசு வைத்திருப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, பேக்ஹோ தேவையா என்பதைத்தான்.

கடையில் கண்ணை இழுப்பது பேக்ஹோ. வீட்டில் நாள்தோறும் உழைப்பது லோடர். குழாய் புதைப்பதும் வேர்க்கட்டை பிடுங்குவதும் ஒருமுறை முடிந்தால் முடிந்ததுதான். மினி எக்ஸ்கவேட்டர் ஒருநாள் வாடகைக்குச் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. இந்தக் குட்டிக் கையைவிட வேகமாகவும் தோண்டும். வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் தோண்டுகிறவர், நல்ல டிராக்டரும் லோடரும் வாங்கிக்கொண்டு பள்ளத்துக்கு வாடகை வண்டியை அழைப்பதே லாபம். வடிகால், வேலிக்கால், தோப்புச் சீர்திருத்தம் என்று மாதாமாதம் வேலை இருப்பவருக்குத்தான் சொந்தக் கை கட்டுப்படியாகும்.

ஆழத்தையும் ஊரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிஎக்ஸ் 23எஸ் ஆறடிக்குச் சற்றே கூடுதலாகத் தோண்டும். மினசோட்டாவின் வட பகுதியில் மண் உறைந்து மேலெழும் என்பதால் கட்டட விதிப்படி அஸ்திவாரமே ஐந்தடி ஆழம் போக வேண்டும். தண்ணீர்க் குழாய் அதற்கும் கீழே. அங்கே இந்தக் கை எட்டியும் எட்டாமலும் நிற்கும். தெற்கே ஜார்ஜியாவில் குழாய்க்கு அதில் பாதி ஆழம்கூடத் தேவைப்படாது.

வாங்குவதென்று முடிவெடுத்தால், ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. விலை குறைந்த சில பேக்ஹோக்கள் கலப்பை மாட்டும் மும்முனை இணைப்பிலேயே தொங்கும். அந்த இணைப்பு இழுப்பதற்காக வந்தது. பேக்ஹோ இழுப்பதில்லை, மண்ணில் ஊன்றி முரண்டுபிடிக்கும்போது டிராக்டரையே தூக்கும், முறுக்கும். சில நேரம் கை எழும்பி ஓட்டுகிறவர் மேலேயே சாயலாம். பல டிராக்டர்களில் தனி ஃபிரேம் கிடையாது. கியர்பெட்டியின் வார்ப்புக்கூடுதான் நடு உடம்பு. விசை முழுதும் அதில் இறங்கினால் வார்ப்பு விரிசல்விடும். வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் சப்ஃபிரேம் அந்த விசையைத் தான் வாங்கிக்கொள்ளும். அதில் பூட்டிய பேக்ஹோவே வாங்கத் தக்கது. டிராக்டரை வாங்கிய பிறகு சப்ஃபிரேம் தேடி மாட்டுவது செலவும் அலைச்சலும் என்பதால் முடிவை முதலிலேயே எடுப்பது நல்லது.

குதிரைத்திறனுக்கு அதிகம் ஆசைப்படத் தேவையில்லை. 19 கிலோவாட், அதாவது சுமார் 25 குதிரைத்திறனைத் தாண்டும் டீசல் எஞ்சின்களுக்கு அமெரிக்கப் புகைவிதி 2013 முதல் கடுமையானது. பெரும்பாலான வண்டிகளில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் வந்தது. விலையும் பராமரிப்பும் ஏறின. ஜான் டியர் 1025ஆர் 23.9 குதிரைத்திறனில் நிற்பது போல, பல மாடல்கள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிற்கின்றன. மாறாக, கிளட்ச் மிதிக்காமல் பெடலிலேயே முன்னும் பின்னும் போகும் ஹைட்ரோஸ்டாட்டிக் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். லோடர் வேலையே முன்னே போய்ப் பின்னே வருவதுதானே!

லோடர் தூக்கும் எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிஎக்ஸ் 23எஸ் உச்ச உயரத்தில் சுமார் 335 கிலோ தூக்கும் என்பது கையில் பக்கெட்டைப் பூட்டும் பின் (pin) இருக்கும் இடத்தில் அளந்த கணக்கு. பாரம் பக்கெட்டின் நடுவில் இருக்கும்போது அது கணிசமாகக் குறையும். பேக்ஹோவைக் கழற்றிய நாளில் பின்பக்கம் எடையும் வேண்டும். இல்லையென்றால் பின்சக்கரம் தரையை விட்டு எழும். குளிர்ப் பகுதிகளில் டயருக்குள் பீட் சாறு நிரப்புகிறார்கள். தண்ணீரைவிடக் கனம், உறையாது, ரிம்மும் துருப்பிடிக்காது. இருக்கைக்குப் பின்னே நிற்கும் ரோல் பாரை மடக்காமல், சீட் பெல்ட்டைப் போட்டு, பாரத்தைத் தாழ வைத்து ஓட்ட வேண்டும். அமெரிக்கப் பண்ணை மரணங்களில் டிராக்டர் கவிழ்வதே முதன்மைக் காரணங்களில் ஒன்று.

பழைய வண்டி என்றால் பூர்விகத்தைக் கேட்க வேண்டும். ஜப்பானில் உழைத்துத் தீர்ந்த டிராக்டர்கள் ஒரு காலத்தில் கப்பலில் அமெரிக்கா வந்து குவிந்தன. குபோட்டாவின் முத்திரையோடு அப்படி வந்தவற்றைத் தடுத்த உத்தரவை 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் ஜப்பானிய மொழியில் இருந்தன. உதிரிபாகங்களும் அங்குள்ளவற்றோடு பொருந்தவில்லை.

பழைய வண்டியை நேரில் பார்க்கப் போகிறவர் முதலில் எஞ்சின் மேல் கைவைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் குறையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். லோடர் பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன்சக்கரத்தை எழுப்பி எஞ்சினை அணைத்தால், வண்டி சிறிது நேரம் அப்படியே நிற்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. பேக்ஹோவின் கையைப் பிடித்துக் குலுக்கினால் பின், புஷ் தேய்மானம் தெரிந்துவிடும். அவற்றை மாற்றுவது எளிது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ஹைட்ராலிக் ஆயில் பால் நிறத்தில் கலங்கியிருந்தாலோ, லோடர் மாட்டும் இடத்தில் புதுப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.