யாளி என்ன சாப்பிடும்?

மலைக்கோட்டையிலிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனால், தூண்களில் யாளியைப் பார்க்கலாம். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, கூடவே தந்தம். இப்படி ஒரு விலங்கு நிஜமாகவே இருந்ததா என்று கேட்காத பிள்ளை உண்டா? இருந்தது என்று அடித்துச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதன் எலும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

எலும்பு இல்லாவிட்டால் என்ன, உடம்பை வைத்தே யோசிப்போம். யானைக்குத் தலை கனம், கழுத்து குட்டை. குனிந்து வாயால் புல்லை எட்ட முடியாது. அதனால்தான் மூக்கும் மேலுதடும் சேர்ந்து துதிக்கையாக நீண்டிருக்கிறது. அதில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசை. சிங்கத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. முன்னங்காலை மடக்கி, நாக்கால் நக்கித் தண்ணீர் குடித்துவிடும். மானின் கழுத்தைக் கவ்வப் பாயும்போது வாய்க்கு முன்னால் துதிக்கை தொங்கினால்? மான் பிழைத்துக்கொள்ளும்!

சரி, யாளி தழைதான் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய யானைக்கு நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் தழை வேண்டும். அரைக்க அம்மிக்கல் மாதிரி கடைவாய்ப்பல், செரிக்க நீளமான குடல், அதற்கேற்ற பெரிய வயிறு. யாளிக்கோ வயிறு ஒட்டிக் கிடக்கிறது.

பிரான்ஸ் நாட்டு விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் குவியே (1769–1832) இப்படித்தான் யோசித்தார். பல்லைப் பார்த்தே காலில் இருப்பது குளம்பா நகமா என்று சொல்லலாம் என்பார். ஒரு மாணவன் பேய் வேஷத்தில் வந்து, "உன்னைத் தின்னப் போகிறேன்" என்று மிரட்டினானாம். "கொம்பும் குளம்புமா? நீ புல்தானே தின்பாய்!" என்றாராம் குவியே. இது கதைதான். முறை மட்டும் உண்மை.

ஜப்பானியக் கதைகளிலும் யாளிக்கு ஒரு பங்காளி உண்டு, பெயர் பாகு. யானைத் துதிக்கை, காண்டாமிருகக் கண், மாட்டு வால், புலிக் கால். கெட்ட கனவுகளைத் தின்னுமாம். (செரிமானத் தொல்லையே இல்லாத சாப்பாடு!) அதே பெயரில்தான் ஜப்பானியர் இன்று டேப்பிரை அழைக்கிறார்கள். மலேசியக் காட்டில் வாழும் டேப்பிர் நிஜ விலங்கு. குட்டைத் துதிக்கையால் இலையை வளைத்துத் தின்னும். காலில் புலி நகம் இல்லை, குளம்புதான்.

நம் சிற்பிகளுக்கு விலங்குகளின் உடம்பு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீரங்கத்தின் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பார்த்தால் புரியும். தெரிந்தேதான் யாளியைக் கற்பனை செய்திருக்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப்போங்கள். யாளியின் பல், கால், வயிறு மூன்றையும் வரைந்து, அது என்ன சாப்பிட்டிருக்கும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.