மாடு மேய்வது காட்டில், லாபம் எங்கே?

காட்டுக்குள் மாடு மேய்க்கலாமா, கூடாதா? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. காடு முக்கியமா, மாடு முக்கியமா என்ற சண்டை மட்டும் ஓயவில்லை.

மேய்ச்சலால் பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. முதுமலையை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் பந்திப்பூர், மரமும் புல்லும் கலந்த வறண்ட காடு. காட்டெருமை என்று நாம் சொல்கிற காட்டுமாட்டுக்கும் ஊர் மாட்டுக்கும் ஒரே புல்தான். நோயும் தொற்றும். 1968-ல் வெக்கை நோய் வந்து முதுமலை, பந்திப்பூர் பக்கம் காட்டுமாடுகள் ஏராளமாகச் செத்தன. பிற்பாடு ஊர் மாடுகள் குறைந்த இடங்களில் காட்டுமாடுகள் பெருகியதை சூழலியலாளர் எம்.டி.மதுசூதன் பதிவு செய்தார்.

ஆனால் அவருடைய இன்னொரு ஆய்வைத்தான் நாம் அவசியம் பேசணும். 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. உலகச் சந்தையில் விலை எகிறியது. இங்குள்ள காப்பித் தோட்டங்களுக்கு எரு நிறைய தேவைப்பட்டது. பந்திப்பூர் ஓரத்து ஊர்களில் சொந்த வயலுக்குப் போட்ட சாணி, லாரி ஏறி விலைக்குப் போனது. சாணிக்காகவே மாடுகளைப் பெருக்கினார்கள். மேய்ந்ததோ காட்டுப் புல். லண்டனில் நான் குடிக்கிற காப்பிக்கும் அந்தப் புல்லுக்கும் கணக்கு இருக்குங்க!

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் கதை வேறு. அங்கே காட்டில் பட்டி போட்டு மேய்த்துத்தான் பர்கூர் மாட்டினமே நிலைத்தது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. 2024-ல் அந்தப் பகுதிக் காடு தந்தை பெரியார் சரணாலயமானதும், மேய்ச்சல் போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டது.

சாணி வியாபாரத்துக்கு வளர்க்கும் மந்தையும், பரம்பரைப் பட்டியும் ஒன்றல்ல. எந்த ஊரில் எத்தனை மாடு, எதற்காக என்று முதலில் கணக்கெடுங்கள். தடுப்பூசியைக் கட்டாயமாக்குங்கள். எந்த மாதம், எந்தப் பக்கம் மேய்க்கலாம் என்பதைக் கிராம சபையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எரு வாங்குகிற தோட்டங்களையும் கேள்வி கேளுங்கள். கோல் பிடித்தவனை மட்டும் மறித்தால் காடு மிஞ்சாது.