கிணற்றுக்குள் வரும் கடல்

காலநிலை மாற்றம் என்றால் எங்கோ துருவத்தில் பனி உருகுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணான எனக்கு அது கிணற்றடிப் பிரச்சினை.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடாக இறங்கி, நிலத்தடி உப்புநீரின் மேல் மிதக்கிறது. அந்த நன்னீரைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அதன் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது நிலநீர் அறிஞர்களின் கணக்கு. கடல் மட்டமோ 1900க்குப் பின் உலக சராசரியாகச் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. வெப்பம் கூடக் கூட மழையும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது கண்டதுபோல, அப்படிக் கொட்டும் மழை நிலத்துக்குள் இறங்குமுன் வெள்ளமாக ஓடிவிடும்.

கிணறு உவரானால் குடத்தோடு நடப்பவள் பெண்தான். துணையை இழந்து, கத்தரியும் மிளகாயும் நட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரிக்கு வருமானமும் போய்விடும். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உலகைச் சூடாக்கிய புகையில் எமது பங்கு மிகச் சொற்பம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதைப் பெரிய நாடுகள் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் மாரி நீரை மறித்து வைப்பது எம் கையிலுண்டு.

இடப்பெயர்வுக் காலத்தில் தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் மாரிக்கு முன் தூர்வாரும்படி பிரதேச சபையிடமும் கமநல சேவை நிலையத்திடமும் கேளுங்கள். மாதர் சங்கமாகப் போங்கள். ஒருத்தி போனால் கடிதத்தை வாங்கி வைப்பார்கள். இருபது பேர் போனால் கதிரை போடுவார்கள். கூரை நீரைத் தொட்டியில் சேருங்கள். கோடையில் இறைப்பு இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிடாமல் இடைவிட்டு இறையுங்கள். கிணறு ஊற நேரம் வேண்டும்.